ரிக்கார்டோவும் வண்ணாரப்பேட்டையும்

சர்வதேச வர்த்தகத்தையும் நிதியையும் பல்கலைக்கழகத்தில் போதிக்கும் நம் முறையைக் குறைகூறப் புகுவோர், ஏட்டுச் சுரைக்காய் என்ற ஒரே சொல்லில் வழக்கை முடித்துவிடுவர்; வடசென்னையில் பேசின் பிரிட்ஜைச் சூழ்ந்த வட்டாரத்தை மனத்தில் வைத்து யோசிப்பவனுக்கோ வழக்கு அத்தனை சுலபமாக முடிவதில்லை.

1817-இல் ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ போட்ட கணக்கில், குறித்த அளவு மதுவைப் போர்த்துக்கல் 80 பேரின் ஓராண்டு உழைப்பாலும் துணியை 90 பேரின் ஓராண்டு உழைப்பாலும் உண்டாக்க, இங்கிலாந்துக்கு முறையே 120 பேரும் 100 பேரும் தேவைப்படுகின்றனர். இரண்டிலும் கைதேர்ந்த போர்த்துக்கலே துணியை விட்டு மதுவில் முனைவது இரு நாட்டுக்கும் லாபம் என்ற முடிவு, கடைத்தெருவின் சாமானிய புத்திக்குத் தானாக உதிப்பதன்று. எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டாலென்ன என்று மேடைகளில் முழங்கும் வீராவேசத்தை அந்த நான்கு எண்கள் நிறுத்தி விசாரிக்கின்றன. இப்பயிற்சியை இகழ்பவரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அக்கணக்கு, மூலதனம் நாடுவிட்டு நாடு பெயராது என்ற அனுமானத்தின்மேல் நிற்பது. கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணியை வெளுத்தவர்கள் குடியேறிய வண்ணாரப்பேட்டையும், பின்னி கம்பெனியாரின் நிர்வாகத்தில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் நூற்று நெய்த பெரம்பூரும் கூப்பிடு தூரத்தில் இருக்க, பெயர்ந்து வந்த மூலதனத்துக்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. அவ்வாலைகள் 1996-இல் மூடப்பட்டன. அதற்கு அயல்நாட்டு வர்த்தகமே காரணம் என்று நான் வாதிக்கவில்லை. எனினும், ஒரு தொழில் நசிந்தால் உழைப்பு வேறு தொழிலுக்குச் சென்றுவிடும் என்று பாடநூல் ஒற்றை வரியில் கடந்துபோகும்போது, ஐம்பது வயது நெசவுத் தொழிலாளி எங்கே, எந்தக் கூலிக்குச் சென்றார் என்று கேட்கும் மாணவனுக்கு வகுப்பில் விடை கிடைப்பதில்லை.

நிதிப் பகுதியில் குறை இன்னும் வெளிப்படை. எல்.சி. என்று வியாபாரிகள் வழங்கும் கடனுறுதிக் கடிதத்தில் வங்கி பார்ப்பது காகிதத்தையே அன்றிச் சரக்கையன்று. குறித்த தேதிக்கு ஒருநாள் பிந்திச் சரக்கு கப்பலேறியதாகக் கப்பல் கம்பெனியாரின் சரக்கேற்றச் சீட்டான பில் ஆஃப் லேடிங் காட்டினால், பெட்டிக்குள் இருப்பது பொன்னேயாயினும் பணம் நின்றுபோகும். ராஜாஜி சாலைக் கிளியரிங் ஏஜெண்டு அலுவலகத்துப் பையன் அறிந்த இதனை, அந்நியச் செலாவணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் பட்டதாரி அறியார். ஏற்றுமதியைக் கப்பலேறும்வரை உள்ள விலைக்கும், இறக்குமதியைக் கப்பற்கூலியும் காப்பீடும் சேர்த்த விலைக்கும் சுங்கக் கணக்கு பதிவதால், வர்த்தகப் பற்றாக்குறையே சற்று வீங்கித் தோன்றுகிறதென்ற சூட்சுமமும் அவருக்கு எட்டுவதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாயிலுக்காகக் காத்துக் கிடக்கும் டிரெய்லர்களின் நேரம் யார் செலவு என்பதும், போக்குவரத்துச் செலவைச் சூனியமாக வைத்துக்கொள்ளும் அப்பாடத்தில் இடம்பெறாது.

இதற்காக, படிவம் நிரப்பும் பயிற்சியாகவே பாடத்தை மாற்றிவிடலாமென்போர் உண்டு; அதுவும் அபாயமே. நேற்றுக் காகிதத்தில் இருந்த ஷிப்பிங் பில் என்னும் ஏற்றுமதிச் சுங்கப் படிவம் இன்று கணினிக்குப் போய்விட்டது. நாளை எங்கே போகுமோ! படிவத்தை மட்டும் கற்றவன் படிவத்தோடு பழசாகிவிடுவான். கோளாறு சித்தாந்தத்தில் இருப்பதைவிட, அதனை 'விளக்குக' என்று மட்டுமே ஆண்டுதோறும் கேட்கும் வினாத்தாளில் மிகுதியாக இருக்கிறது. ஒரு ஷிப்பிங் பில்லின் நகலை அச்சிட்டுக் கொடுத்து, இந்தத் தொகை நாட்டின் செலுத்துநிலைக் கணக்கில் எந்தத் தலைப்பில் ஏறும், ரூபாய் மதிப்பிழந்தால் இவ்வியாபாரியின் ஆதாயம் எப்படி மாறும் என்று கேட்டுவிட்டால், ஆசிரியரே முதலில் துறைமுகத்துக்குப் போய் வருவார்.