நோயுற்ற சிறுமியும் நமது ஆறுதல் மொழிகளும்

நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மங்க் (1863–1944) 'அலறல்' என்னும் படத்தால் உலகறியப்பட்டவர். எனினும் ஆயர்பணிக்கு ஆயத்தமாவோர் முதற்கண் காணவேண்டியது, 1885–86இல் அவர் தீட்டிய 'நோயுற்ற சிறுமி' என்பதே நமது துணிபு.

மங்கின் தாய் 1868இல் காசநோயால் மரித்தார். அந்நோயே 1877இல், 15 வயதுத் தமக்கை சோஃபியையும் கொண்டுபோயிற்று. தந்தை மருத்துவர், பக்தி மிகுந்தவர். மருந்தும் மன்றாட்டும் ஒரே வீட்டில் இருந்தும் பிள்ளை பிழைக்கவில்லை. அத்துயரிலிருந்தே இவ்வோவியம் பிறந்தது.

வெண்தலையணையில் சாய்ந்த செம்முடிச் சிறுமி. அருகே தலை கவிழ்ந்த பெண். அவளுடைய முகம் நமக்குத் தெரிவதில்லை. வலுவற்ற சிறுமியே மூத்தவளைத் தேற்றுவாள்போல் தோன்றுகிறாள். இருவர் கைகளும் சேருமிடம் தெளிவற்ற வண்ணத் திட்டாகவே நிற்கிறது. ஓவியர் வண்ணத்தைப் பூசுவதும் சுரண்டுவதுமாய்ப் பலமுறை உழைத்தார். கீறல்கள் இன்றும் படத்தில் உள்ளன. 1886இல், இன்று ஆஸ்லோ எனப்படும் நகரில் இது காட்சிக்கு வைக்கப்பட்டபோது, முடிவுறாத படமென்று பலர் எள்ளினர். நாமோ, அம்முடிவுறாமையே இதன் உண்மை என்போம். பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் இதே காட்சியை அவர் மீண்டும் மீண்டும் தீட்டினார். துக்கம் ஓர் அடக்க ஆராதனையோடு முடிவதில்லை.

இங்குக் குறையொன்றும் உண்டு. கவிழ்ந்த தலையைத் தாங்குவார் படத்தில் எவருமில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழிக் கோயிலிலோ, விசயராகவப் பெருமாள் சடாயுவை மடியில் ஏந்தி வீற்றிருக்கிறார். மகன் தந்தைக்குச் செய்யும் ஈமக்கடனைப் பறவைக்குச் செய்தார் என்பது அவ்வூர் மரபு. நம் விசுவாச அறிக்கை வேறு; ஆயினும் மரித்ததை மடியில் தாங்கும் அன்பின் பொருளை, சிலுவையடியில் நிற்கும் நாம் அறிவோம். மங்கின் படத்தில் அந்த மடி இல்லை.

அதற்காக இதை அவிசுவாச ஓவியமென்று ஒதுக்கலாகாது. 88ஆம் சங்கீதமும் இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை வேதத்தினின்று நீக்கவில்லை. நோயாளியின் படுக்கையருகே சென்றவுடன் பரலோகத்தைப்பற்றி விரைந்து பேசும் போதகர், பெரும்பாலும் தம் அச்சத்தையே ஆற்றிக்கொள்கிறார். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாது தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல ஆயர்களாயிருந்தனர். பேசத் தொடங்கிய பின்னரே தவறினர். உயிர்த்தெழுதலின் நற்செய்தியை நாம் அறிவித்தே ஆகவேண்டும். ஆனால் அக்கையை முதலில் பற்றியவர் சொல்லும்போதே அது ஆறுதலாகும்.