இரவல் கொடுக்க முடியாத புத்தகம்

மின்னூல் விலையைப் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "தாள் இல்ல, மை இல்ல, லாரி வாடகை இல்ல. அப்புறம் எதுக்கு இந்த விலை?" கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் எனக்கு இந்த வாதம் ஒட்டவில்லை. கணினி விளையாட்டுக்கும்தான் தாளும் மையும் கிடையாது. அதை வாங்கும்போது யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு நாவலின் மொத்தச் செலவில் அச்சு ஒரு பங்குதான். எழுதியவர், செம்மைப்படுத்தியவர், அட்டை வரைந்தவர் எல்லாருக்கும் கூலி உண்டு. அப்படியானால் விளையாட்டின் விலை உறுத்தாமல் மின்னூலின் விலை மட்டும் ஏன் உறுத்துது?

ஸ்டார்டியூ வேலியை எடுத்துக்கொள்வோம். எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட விவசாய விளையாட்டு. அமெரிக்காவில் 14.99 டாலர். எட்டு வருஷம் கழித்து, 2024-இல் வந்த 1.6 புதுப்பிப்பையும் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். ஸ்டீம் கடையில் நமக்கு விலை வெள்ளியிலேயே தெரியும். நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கலாம். வருஷத்துக்குச் சில தடவை பெரிய தள்ளுபடி வரும். அவசரக்காரன் முழு விலை கொடுக்கிறான், பொறுத்தவன் பாதி கொடுக்கிறான். காத்திருப்புக்கு அங்கே மரியாதை இருக்கு.

மின்னூல் உலகத்தின் கதை வேறு. 2007-இல் கிண்டில் வந்தபோது அமேசான் புதிய ஆங்கில நூல்கள் பலவற்றை 9.99 டாலருக்கு விற்றது. பதிப்பகங்களுக்கு அது பிடிக்கவில்லை. 2010-இல் ஆப்பிளும் ஐந்து பெரிய பதிப்பகங்களும் சேர்ந்து, விலையைப் பதிப்பகமே வைக்கும் முறையைக் கொண்டுவந்தன. பல நூல்கள் 12.99, 14.99 என்று ஏறின. 2012-இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2013-இல் ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஆனாலும் பெரிய பதிப்பகங்கள் தாங்களே விலை வைக்கும் முறை பிறகு திரும்பி வந்துவிட்டது.

அச்சு நூலுக்காவது நம்ம ஊரில் 2009-இலிருந்து பிக் பேட் வுல்ஃப் இருக்கு. மிஞ்சிய ஆங்கிலப் புத்தகங்களை மூட்டையாக அள்ளி வரலாம். மின்னூல் கிடங்கில் தேங்குவதே இல்லை, அதனால் தள்ளிவிட வேண்டிய அவசரமும் யாருக்கும் இல்லை. பழைய நாவலின் மின்பதிப்பு அதன் மெல்லட்டைப் பிரதியைவிட அதிக விலையில் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விலையைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறு. போன வருஷம் சென்னையிலிருந்து வந்த புத்தகப் பொட்டலத்தைக் கொண்டுவந்தவர் கேட் ஓரம் மழையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று புத்தகங்கள் அப்பளம் மாதிரி உப்பிவிட்டன. அதே மாதம் மாமாக் கடையில் நண்பன் கை பட்டு, என் கைப்பேசி தே தாரிக்கில் குளித்துச் செத்தது. புதுக் கைப்பேசியில் என் மின்னூல்கள் எல்லாம் சேதாரமில்லாமல் வந்துவிட்டன. இந்தச் சுற்றில் மின்னூலுக்குத்தான் வெற்றி. ஆனால் உப்பிய மூன்றில் ஒன்று இப்போது நாலாவது ஆள் கையில் இருக்கு. என் மின்னூல்களில் ஒன்றுகூட என் கைப்பேசியைத் தாண்டிப் போனதில்லை.

ஏனென்றால் பெரும்பாலும் நாம் வாங்குவது புத்தகம் இல்லை, படிக்கும் அனுமதி. 2009-இல் ஆர்வெல்லின் 1984 நூலின் சில பிரதிகளை, விற்றவருக்கு உரிமை இல்லை என்பதால், அமேசான் வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. காசு திரும்ப வந்தது, புத்தகம் போய்விட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவிட்டது. விளையாட்டும் இதில் யோக்கியம் இல்லை. நாம் வாங்குவது உரிமம்தான் என்று ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்தில் தெளிவாகச் சொல்ல ஆரம்பித்ததே 2024-இல்தான். ஆனால் அதே துறையில் ஜிஓஜி என்ற கடை, பூட்டு இல்லாத கோப்பையே கையில் கொடுத்து வருஷக்கணக்காக வியாபாரம் செய்கிறது. முடியாத காரியம் இல்லை.

ஆங்கில வாசகனுக்கு இது வெறும் எரிச்சல். நமக்கு அப்படி இல்லை. மலேசியத் தமிழ் நூல்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. தீர்ந்துபோன நாவலை நான் படித்ததெல்லாம் யாரோ ஒரு ஆசிரியரின் அலமாரியிலிருந்து இரவல் வாங்கித்தான். நம் இலக்கியம் பிழைத்திருப்பதே கைமாறிக் கைமாறித்தான். அடுத்த தலைமுறை நூல்கள் பூட்டிய கோப்பாக மட்டும் வந்தால், ஒரு கணக்கு மூடப்படும்போது ஒரு அலமாரியும் சேர்ந்தே மூடப்படும்.

அதனால் இங்கே மின்னூல் போடும் நம் எழுத்தாளர்களிடம் நான் தள்ளுபடி கேட்கவில்லை. பூட்டில்லாத கோப்பாகக் கொடுங்கள். நான் படித்து முடித்தால் ஒரே ஒருவருக்காவது கைமாற்றலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அப்படிப்பட்ட நூலுக்கு அச்சுப் பிரதியின் விலையையே தர நான் தயார்.