பெனலோங் தொகுதியின் வாக்கும் அதன் வியாக்கியானங்களும்

அவுஸ்திரேலியக் கூட்டாட்சிப் பாராளுமன்றத் தொகுதிகளுள் பெனலோங் அளவுக்கு ஆராயப்பட்டவை சிலவே. சிட்னி மாநகரின் வடமேற்கில், பரமட்டா ஆற்றின் வடகரையில் அமைந்த இப்புறநகர்த் தொகுதி 2007 நவம்பர் 24ஆம் நாள் பதவியிலிருந்த பிரதமரையே தோற்கடித்தது. 1929இல் ஸ்ரான்லி புறூஸ் தமது தொகுதியை இழந்த பின்னர் அந்நாட்டுப் பிரதமர் எவருக்கும் அவ்வாறு நேர்ந்ததில்லை. இத்தோல்விக்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் பெருவழக்குப் பெற்றது ஒன்று. நடுத்தர வர்க்க வெள்ளையர் வாழ்ந்த லிபரல் கட்சிக் கோட்டையிலே ஆசியர், சிறப்பாகச் சீனர், குடியேறினர்; அவர்களது வாக்கு கோட்டையைச் சரித்தது என்பதே அது. பத்திரிகையாளரும் கட்சிக்காரரும் மட்டுமன்றி, ஆய்வாளர் சிலரும் இதனை ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆயின் தொகுதியின் வரலாறு முழுவதையும் வைத்து நோக்கும்போது இவ்விளக்கம் பாதியளவே தேறுகின்றது.

பிரதிநிதிகள் சபை 75 உறுப்பினரிலிருந்து 123 உறுப்பினராகப் பெருப்பிக்கப்பட்ட 1949ஆம் ஆண்டில் இத்தொகுதி தோன்றியது. வூலரவாரி பெனலோங் என்னும் ஆதிக்குடி மகனின் பெயரே இதற்கு இடப்பட்டது. 1789இல் ஆங்கிலக் குடியேற்ற ஆட்சியினராற் பிடிக்கப்பட்ட அவர், ஆளுநர் பிலிப்புடன் 1792இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, 1795இல் மீண்டு, 1813இல் கிசிங் பொயின்ற் என்னுமிடத்தில் மரித்தார். அவ்விடம் இன்றைய தொகுதியினுள்ளேயே உள்ளது. அவரது இனத்தார் யாவருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை உறுதியானது 1962இலேதான். இத்தகையவொரு பெயரைத் தாங்கிய தொகுதியிலே, வந்தேறியவர் யார், மண்ணுக்குரியவர் யார் என்ற கணக்குப் பார்க்கப்படுவது வரலாற்றின் முரண்நகை எனலாம்.

முதல் 58 ஆண்டுகளில் இத்தொகுதிக்கு இருவரே உறுப்பினராயிருந்தனர். மென்சிஸ் அமைச்சரவையில் தரைப்படை அமைச்சராக விளங்கிய ஜோன் கிறேமர் 1949 முதல் 1974 வரையும், பின்னர் பிரதமரான ஜோன் ஹவார்ட் 1974 முதல் 2007 வரையும் இதனை வகித்தனர். இருவரும் லிபரல் கட்சியினர். விற்லம் தலைமையிலே தொழிற் கட்சி நாட்டை வென்ற 1972, 1974 ஆகிய ஆண்டுகளிலும், ஹோக் வென்ற 1983லும் பெனலோங் அசையவில்லை. கோட்டை என்ற படிமம் இத்தொடர்ச்சியிலிருந்தே பிறந்தது.

ஆனால் தொடர்ந்தது பெயரேயன்றி நிலப்பரப்பன்று. தொடக்கத்தில் லேன் கோவ், ஹண்டர்ஸ் ஹில் முதலான வசதிபடைத்த புறநகர்கள் றைட் பகுதியோடு இணைந்திருந்தன. அடுத்தடுத்து நிகழ்ந்த எல்லை மீள்நிர்ணயங்கள் தொகுதியை வடமேற்காக, ஈஸ்ட்வூட், எப்பிங் ஆகிய பகுதிகளை நோக்கி நகர்த்தின. குடிசனத் தொகை மாறுந்தோறும் எல்லைகளை மாற்றுவது அந்நாட்டிற் சட்டப்படியான, கட்சிச் சார்பற்ற நடைமுறை. எனவே 1955இன் பெனலோங்கையும் 2005இன் பெனலோங்கையும் ஒரே மக்கட் கூட்டமாகக் கொண்டு, 'அவர்கள் மாறிவிட்டனர்' என்பது தவறான ஒப்பீடாகும். மாற்றத்தின் ஒரு பகுதி வீடுகளுக்குள் நிகழ்ந்தது. மற்றொரு பகுதி நில அளவைப் படத்திலே நிகழ்ந்தது.

இனி 2007இன் எண்களை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். தொழிற் கட்சி வேட்பாளரும் முன்னாள் தொலைக்காட்சி ஊடகவியலாளருமான மக்சீன் மக்கியூ, இரு கட்சி விருப்புக் கணக்கில் 51.4 வீதம் பெற்று, ஏறத்தாழ 2,400 வாக்குகளால் வென்றார். முதல் விருப்பு வாக்குகளில் இருவரும் கிட்டத்தட்டச் சமமாகவே நின்றனர். பசுமைக் கட்சியினரின் அடுத்த விருப்புகளே முடிவைத் தீர்மானித்தன. (ஒரு கட்சிப் பட்டியலினுள்ளே ஆட்களைத் தெரியும் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கோடு இதனை மயங்கலாகாது. சனாதிபதித் தேர்தலின் இரண்டாம், மூன்றாம் விருப்புகளே இதற்கு ஓரளவு ஒப்பானவை.) தொழிற் கட்சியின் பக்கம் பெனலோங்கில் ஏற்பட்ட சாய்வு சுமார் 5.5 வீதம். நாடு முழுவதிலும் ஏற்பட்ட சாய்வு சுமார் 5.4 வீதம்! ஹவார்ட் அரசின் தொழிலுறவுச் சட்டங்கள்மீது நாடெங்கும் எழுந்த சினமும், பதினொரு ஆண்டு ஆட்சியின் களைப்பும் பெனலோங்கிலும் அதே அளவில் வேலை செய்தன என்று கொள்வதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. ஆசியக் குடிவரவின் வேகத்தைக் குறைக்கவேண்டுமென ஹவார்ட் 1988இற் கூறியதை ஈஸ்ட்வூட் கடைத்தெருவினர் மறந்திருக்கமாட்டார்கள் என்பது மெய்யே. மொத்தக் கணக்கு அத்தகைய உள்ளோட்டங்களை மறைக்கவுங் கூடும். ஆயினும் அந்நினைவோடுதான் அவர்கள் 1996 முதல் 2004 வரை நான்கு தேர்தல்களைக் கண்டனர். அந்நான்கிலும் தொகுதி ஹவார்ட்டிடமே இருந்தது.

கட்சித் தெரிவும் கொள்கைத் தெரிவும் ஒன்றல்ல என்பதற்கும் இத்தொகுதி சான்று தருகின்றது. குடியரசு பற்றிய 1999ஆம் ஆண்டின் மக்கள் தீர்ப்பில் முடியாட்சியைத் தாங்கி நின்றவர் ஹவார்ட். நாடு அவர் பக்கம் நின்றது. அவரது சொந்தத் தொகுதியோ பெரும்பான்மையாகக் குடியரசுக்கு 'ஆம்' என்றது. ஆனால் 2001இல் அவரையே மீண்டும் அனுப்பியது. பதினெட்டு ஆண்டுகளின் பின், ஒருபாற் றிருமணம் பற்றிய 2017ஆம் ஆண்டின் அஞ்சல்வழிக் கருத்தறிதலில் நாடு 61.6 வீதத்தால் ஆதரித்தபோது, பெனலோங் நூலிழையில், 49.8 வீதமே ஆதரவாக, மறுத்தது. முன்னதிற் சீர்திருத்தம் விரும்பிய தொகுதி பின்னதில் மரபைப் பேணியது. மத நம்பிக்கையும் குடும்ப மரபும் பேணும் குடிவரவாளர் பலர், மேற்குச் சிட்னியிற் போலவே, இங்கும் இம்மறுப்பில் பங்குகொண்டனர் எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின் 'குடிவரவாளர் வாக்கு இடதுசாரி வாக்கு' என்ற சூத்திரம் அங்கேயே முறிகின்றது.

ஹவார்ட்டுக்குப் பிற்பட்ட வரலாறு இச்சூத்திரத்துக்கு மேலும் இடர் விளைக்கின்றது. குடிவரவாளர் தொகை பெருகிக்கொண்டேயிருந்த 2010இல் முன்னாள் ரெனிஸ் வீரர் ஜோன் அலெக்சாண்டர் தொகுதியை லிபரல் கட்சிக்கு மீட்டார். 2016இல் அவர் பெற்றது கிட்டத்தட்ட 60 வீதம். பிரித்தானியப் பிரசாவுரிமைச் சிக்கலால் அவர் பதவி துறந்தமையால் நிகழ்ந்த 2017 டிசம்பர் இடைத்தேர்தலில், நியூ சவுத் வேல்ஸின் முன்னாள் முதல்வர் கிறிஸ்ரினா கெனீலியையும் வென்றார். சீனத் தலையீடு பற்றிய அரசின் கடும் பேச்சு அவ்வேளையிற் சீன வாக்காளரைச் சினப்படுத்தியதெனப் பேசப்பட்டது. வாக்குச் சாய்வு சுமார் 5 வீதத்தோடு நின்றது.

2022இன் நிலைமை வேறு. தொழிற் கட்சியின் ஜெரோம் லக்சேல் 51 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று வென்றபோது, தொகுதியின் சாய்வு 8 வீதத்தை அண்மியது. நாட்டின் சாய்வோ 4 வீதத்துக்குங் குறைவு. 2007இல் இல்லாத இடைவெளி இங்கேதான் திறக்கின்றது. சீன வம்சாவளியினர் செறிந்த தொகுதிகளிலே தமக்கு எதிரான சாய்வு ஏனையவற்றிலும் மிகுந்திருந்ததென லிபரல் கட்சியின் மீளாய்வு அறிக்கையே ஒப்புக்கொண்டது. எனவே வழமையான விளக்கத்துக்கு ஓர் இடமுண்டாயின் அது 2022லேயே உண்டு. அப்போதும் செயற்பட்டது குருதியன்று, அரசியலாகும்: போர் மூளலாம் என அமைச்சர்கள் பேசிய பேச்சும், பெருந்தொற்றுக் காலத்திற் சீன முகங்கள்மீது விழுந்த ஐயப் பார்வையும் வாக்காளரிடமிருந்து பெற்ற மறுமொழி அது. ஒரு சமூகத்தை நோக்கிப் பேசப்பட்டதை மறைத்துவிட்டு, அச்சமூகம் அளித்த மறுமொழியை மட்டும் 'இன வாக்கு' என்று பெயரிடும் ஆய்வு, காரணத்தை விட்டு விளைவின்மீது பழி சுமத்துகின்றது.

வட சிட்னித் தொகுதி ஒழிக்கப்பட்ட 2024இன் மீள்நிர்ணயம் ஆய்வாளர்க்கு அரிய வாய்ப்பொன்றை அளித்தது. பெனலோங்கின் வடமேற்கு ஓரப் பகுதிகள் கழிக்கப்பட்டு, லேன் கோவும் ஹண்டர்ஸ் ஹில்லும் மீள வந்துசேர்ந்தன. தொகுதி தனது 1949ஆம் ஆண்டின் வடிவத்தை நோக்கித் திரும்பியது. முந்திய வாக்குகளைக் கொண்டு கணித்தபோது, மயிரிழை அளவில் லிபரல் தொகுதியாகவும் மாறியிருந்தது. 2025இல் அக்கட்சி நிறுத்தியவரும் சீன வம்சாவளியினரான ஸ்கொட் யங். முடிவிலே லக்சேல் பெற்றது ஏறத்தாழ 59 வீதம். பழைய கோட்டையின் பழைய புறநகர்களும் சேர்ந்தே இவ்வெண்ணை ஆக்கின. அவற்றுட் பல, வட சிட்னியோடு இணைந்திருந்த 2022லேயே லிபரல் உறுப்பினரை நீக்கி, கைலியா ரிங்க் என்னும் சுயேச்சையாளரைப் பாராளுமன்றம் அனுப்பியவை. லேன் கோவின் இம்மாற்றத்தை விளக்க ஈஸ்ட்வூட்டின் சீனக் கடைகளைச் சுட்டிக்காட்டுவார் இன்னும் எவருமிலர்.