சோற்றுக்குப் பதில் சப்பாத்தியா?

"ராத்திரி சோத்தை விட்டுட்டுச் சப்பாத்தி சாப்பிடுங்க." தமிழ்நாட்டுச் சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் குடும்ப மருத்துவர் தரும் உணவு ஆலோசனை இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இது போதுமா?

இதில் ஓர் உண்மை உண்டு. சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம். சோறோ குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று ஏறிக்கொண்டே போகும். இரண்டு சப்பாத்தியோடு நிறுத்துபவருக்குச் சர்க்கரை இறங்கினால், அதற்குப் பெருங்காரணம் அளவுதான், கோதுமை அல்ல. நான்கு சப்பாத்தியை உருளைக்கிழங்கு குருமாவோடு சாப்பிடுபவருக்கு அது இறங்காது. அவரும் மருத்துவர் சொல்லைத் தட்டவில்லை என்பதுதான் கொடுமை.

ஐசிஎம்ஆர்-இந்தியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின் உணவு முடிவுகள் 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தன. இந்தியர் பெறும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. தீட்டிய தானியத்துக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதம் வந்தபோதுதான் ஆபத்து குறைவாக இருந்தது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இது காரணத்தை நிரூபிக்காது. ஆனாலும் சப்பாத்தி அறிவுரைக்கு இதில் ஆதரவில்லை. என் மதிப்பீட்டில் அந்த அறிவுரை தோற்றுவிட்டது.

இதையெல்லாம் விரிவாகச் சொல்ல மருத்துவருக்கு நேரமில்லை என்பது மெய். ஆனால் ஸ்காட்லாந்திலும் டைன்சைடிலும் 49 குடும்ப மருத்துவ நிலையங்களில் நடந்த 'டைரக்ட்' ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியரும் உணவியலாளரும்தான் நோயாளிகளுக்கு வழிகாட்டினர். சில மாதங்கள் நாளுக்குச் சுமார் 850 கலோரி திரவ உணவு, பிறகு படிப்படியாக வழக்கமான உணவு. ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு மாத்திரையில்லாமலே சர்க்கரை அளவு நோய் வரம்புக்குக் கீழே இருந்தது. நோய் வந்து ஆறு ஆண்டு தாண்டாத, இன்சுலின் போடாதவர்களிடம் கிடைத்த பலன் இது. அந்தத் திரவ உணவு இங்கே அப்படியே செல்லாது. ஆனால் வேலையைப் பகிரும் முறை செல்லும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். அந்த வீட்டில் எத்தனை கரண்டி சோறு, எத்தனை கரண்டி பருப்பு என்று அவர்களால் கேட்க முடியும்.

மருத்துவர் கைவிடக்கூடாத வேலை வேறு. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மாத்திரை அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். பருப்பைக் கூட்டச் சொல்லும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டியவரும் அவரே.