கெட்டிஸ்பர்க் வழியே குடும்பப் பயணம்: நிலம் கற்பிப்பதும் வழித்தடம் மறைப்பதும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, பென்சில்வேனியாவிலிருந்து மேரிலாந்து வழியாக வர்ஜீனியா வரை பரவிக் கிடக்கும் உள்நாட்டுப் போர்க்களங்களையும் அவற்றைச் சார்ந்த அருங்காட்சியகங்களையும் சுற்றிவருவது பல குடும்பங்களில் தலைமுறை கடந்து தொடரும் வழக்கம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலக் கூட்டமைப்புக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த அப்போரில் மாண்டவர்கள் 6,20,000 பேர் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. அத்தொகை அதனினும் மிகுதி என்று பிற்கால மக்கள்தொகை ஆய்வுகள் காட்டுகின்றன. இத்தகைய பேரழிவு நடந்த இடங்களுக்குப் பதின்வயதுப் பிள்ளை ஒருவரை விடுமுறைக் களிப்போடு அழைத்துச் செல்வதால் விளையும் கல்வி எத்தகையது என்பது ஆராயத்தக்க கேள்வி.

இவ்வழக்கத்துக்கு ஆதரவான சான்று வலுவானது. ராய் ரோசன்ஸ்வைக், டேவிட் தெலன் என்னும் இரு வரலாற்றாசிரியர்கள் ஏறத்தாழ 1,500 அமெரிக்கர்களிடம் விசாரித்து 1998-இல் வெளியிட்ட நூலில், மக்கள் மிகுதியும் நம்பும் வரலாற்று மூலம் அருங்காட்சியகமே என்றும், கடந்த காலத்தோடு நெருக்கம் உண்டாவது குடும்பக் கூடுகைகளிலும் வரலாற்றிடங்களிலும்தான் என்றும், பள்ளி வகுப்பறை இவ்வகையில் பின்தங்கியே நிற்கிறது என்றும் கண்டனர். குடும்பமும் அருங்காட்சியகமும் வரலாற்று நிலமும் ஒன்றுசேரும் பயணம் வகுப்பறை தராத ஒன்றைத் தருவதில் வியப்பில்லை. ஆனால் நெருக்கமும் நம்பிக்கையும் வேறு, விளக்கம் பெறுவது வேறு. நம்பிக்கை மிகும் இடத்தில்தான் சொல்லாமல் விடப்பட்டவை எளிதில் கண்ணுக்குத் தப்புகின்றன.

போர்க்களம் தரும் முதற்பேறு நிலத்தின் அறிவு. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலை 3 அன்று, பிக்கெட்டின் தாக்குதல் என்று பெயர்பெற்ற படையெடுப்பில், 12,000-க்கும் மேற்பட்ட தென்னகப் படையினர் ஏறத்தாழ ஒரு மைல் திறந்தவெளியைக் கடந்து ஒன்றியப் படையின் குன்று முகட்டை நோக்கி நடந்தனர். பாடநூல் வரைபடத்தில் அவ்வெளி தட்டையான வெற்றிடமாகவே தோன்றும். காலால் நடந்து பார்ப்பவருக்கோ அது ஏறி இறங்கும் மேடுபள்ளமாகத் தெரிகிறது, சில பள்ளங்களில் எதிரிலுள்ள முகடே மறைந்து போகிறது, பிறகு எம்மிட்ஸ்பர்க் சாலையை அடைந்ததும் அதன் இருபுறமும் நின்ற வேலிகளை ஏறிக் கடக்கையில் படையினர் குண்டுகளுக்கு எவ்வாறு இலக்காகியிருப்பர் என்பது விளங்கிவிடுகிறது. மேரிலாந்தின் ஆன்டீட்டம் களத்திலும் இதே பாடம் வேறு வடிவில் கிடைக்கிறது. பல ஆண்டுகளாக வண்டிகள் ஓடித் தேய்ந்து தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன ஒரு பாதை, 1862 செப்டம்பர் 17 அன்று தென்னகப் படைக்கு இயற்கை அகழியாகப் பயன்பட்டது. எதிரி அதன் ஒரு முனையைப் பிடித்து, வரிசையின் நீளவாக்கில் சுடத் தொடங்கியதும் அந்த அகழியே அதிலிருந்தோருக்குப் பொறியாகிவிட்டது. காப்பிடம் எப்படிக் கொலைக்களமாக மாறியது என்று பதினைந்து வயதுப் பிள்ளை தானே அங்கு நின்று கண்டுபிடிக்க முடியும் என்பது சிறிய பேறன்று.

இதனினும் உயர்ந்த பேறு, சான்றை ஐயுறக் கற்பது. கெட்டிஸ்பர்க்கின் ‘டெவில்ஸ் டென்’ என்னும் பாறைக்கூட்டத்தில், இரு பெரும்பாறைகளுக்கிடையே அடுக்கப்பட்ட கற்சுவரின் பின்னால் துப்பாக்கியோடு ஒரு தென்னக வீரர் இறந்து கிடப்பதைக் காட்டும் அலெக்சாண்டர் கார்ட்னரின் நிழற்படம் அப்போரின் மிகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. வில்லியம் ஃப்ராசனிட்டோ என்பவர் களத்தின் பாறைகளைப் பழைய படங்களோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டு, அதே உடல் சற்றுத் தொலைவில் வேறோரிடத்திலும் படமெடுக்கப்பட்டிருப்பதை 1975-இல் வெளியான நூலில் எடுத்துக்காட்டினார். படத்தின் அழுத்தத்துக்காக உடலைச் சுமந்துவந்து கிடத்தினர் என்பதே அதன்வழி எட்டப்படும் முடிவு. அச்சுவர் இன்றும் நிற்கிறது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாறையின் விளிம்புகளைப் பொருத்திப் பார்க்கும் பிள்ளை, நிழற்படம் தானாக உண்மை பேசுவதில்லை என்பதை எந்தப் பாடநூலும் சொல்லாமலே உணர்கிறது. பயணத்தில் ஓரிடத்தில்தான் நேரம் செலவிட முடியும் என்றால் அது இந்தப் பாறைக்கூட்டமாகவே இருக்கலாம்.

குறை தொடங்குவது வழித்தடத்தில். கெட்டிஸ்பர்க்கின் கார் சுற்றுப்பாதை 24 மைல் நீளமும் 16 நிறுத்தங்களும் கொண்டது. அது மூன்று நாள் போரை நாள்வாரியாகத் தொடர்கிறது. யார் எந்தக் குன்றைப் பிடித்தார், யார் எந்த நேரத்தில் பின்வாங்கினார் என்பதையே ஒவ்வொரு நிறுத்தமும் விளக்குவதால், போர் நடந்த விதம் தெளிவாகி, போர் மூண்ட காரணம் பார்வையிலிருந்து நழுவுகிறது. 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அடிமைகளாக இருந்தனர் என்ற உண்மைக்குப் பீரங்கி வரிசைகளுக்கிடையே இடமில்லை. களத்தில் நிற்கும் 1,300-க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்களும் குறிப்புக்கற்களும் இந்த மறைப்புக்குத் துணைபோகின்றன. 1913-இல் இருதரப்பு முதிய வீரர்களும் பல்லாயிரக்கணக்கில் அங்குக் கூடி நல்லிணக்கம் கொண்டாடினர். 1917-இல் தென்னகத் தளபதி ராபர்ட் லீயின் குதிரைமேல் அமர்ந்த சிலை திறக்கப்பட்டது. வெள்ளையரிடையே ஏற்பட்ட அந்த இணக்கம் விடுதலையின் நினைவைப் பின்னுக்குத் தள்ளியது என்று வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் 2001-இல் விரிவாக வாதிட்டார். சின்னங்களைச் சான்றாக மட்டுமே வாசித்து, அவற்றை எழுப்பியவர்களின் காலத்தை வாசிக்காத குடும்பம் 1863-ஐப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு 1913-ஐப் பார்த்துத் திரும்புகிறது.

இக்குறை நிலத்தின் குறையன்று, பார்வையின் குறை. லீயின் படை பென்சில்வேனியாவுக்குள் வந்தபோது அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே அனுப்பியது. பிக்கெட்டின் தாக்குதல் குறிவைத்த அதே முகட்டில் ஏப்ரகாம் பிரையன் என்னும் சுதந்திரக் கறுப்பின உழவரின் சிறு பண்ணை இருந்தது. படை நெருங்குவதை அறிந்து அவர் குடும்பத்தோடு தப்பியோடினார். அவருடைய வெள்ளையடித்த சிறு வீடு இன்றும் அங்கே நிற்கிறது. அடிமை முறைக்கும் அக்களத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேறு விளக்கமே வேண்டியதில்லை. ஆயினும் பீரங்கிகளையும் சிலைகளையும் தேடும் கண்களுக்கு அது வெறும் குடியானவர் வீடு. போர்க்களங்களில் அடிமை முறையின் பங்கை விளக்குமாறு நாடாளுமன்றம் தேசியப் பூங்காத் துறையைத் தூண்டியதே 2000-ஆம் நிதியாண்டுக்கான சட்டத்தில்தான் என்பது, இந்த மறதி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைச் சொல்லும். கறுப்பினத்தார் இப்போரைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் படிக்கின்றனர் என்று எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் ஒரு கட்டுரையில் எழுப்பிய கேள்வியும் இத்துடன் சேர்த்தே எண்ணத்தக்கது. தன் முன்னோரின் விடுதலைக்காக நடந்த போரின் களத்தில் தன்னை விருந்தாளியாக உணரும் பிள்ளைக்கு நில அமைப்பைப் பற்றிய பாடம் மட்டும் போதாது.

காரணத்தைச் சொல்லும் பணியை அருங்காட்சியகம் ஏற்கிறது. 2008-இல் திறக்கப்பட்ட கெட்டிஸ்பர்க் பார்வையாளர் மையம் போரை அடிமை முறையிலிருந்தே தொடங்கி விளக்குகிறது; வாஷிங்டனில் 2016-இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று, பண்பாட்டு அருங்காட்சியகம் அதே செய்தியை அடிமைப்பட்டோரின் பக்கத்திலிருந்து சொல்கிறது. மேரிலாந்தின் ஃப்ரெடரிக் நகரிலுள்ள உள்நாட்டுப் போர் மருத்துவ அருங்காட்சியகம், மயக்கமருந்தின்றிக் கைகால்களை அறுத்தனர் என்று திரைப்படங்கள் பரப்பிய கருத்தைத் திருத்தி, பெரும்பாலான அறுவைகள் குளோரோஃபார்ம் அல்லது ஈதர் தந்தே செய்யப்பட்டன என்று காட்டுகிறது. ஆயினும் அருங்காட்சியகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காட்சிப்பேழைகளைக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்க்கும் பார்வையாளரின் உடலும் கவனமும் விரைவில் தளர்வதை, ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்னும் பெயரில் பெஞ்சமின் கில்மன் 1916-லேயே படங்களோடு பதிவுசெய்தார். ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகங்களுக்கு அட்டவணை போடும் பெற்றோர் பிள்ளையின் அலுப்பை அக்கறையின்மை என்று தவறாகக் கணிக்கின்றனர்.

ஆகவே பயணத்தின் மதிப்பு போய்வந்த இடங்களின் எண்ணிக்கையில் இல்லை, அவற்றை அடுக்கிய வரிசையிலும் பிள்ளைக்குத் தரப்பட்ட உரிமையிலும் இருக்கிறது. தேசியப் பூங்காத் துறையின் இளையோர் திட்டமான ‘ஜூனியர் ரேஞ்சர்’ பெரும்பாலும் சிறுவர்களையே மனத்தில் கொண்டது. பதின்வயதினர் அதற்கு மூத்தவராகவும் பெரியவர்களின் உரையாடலுக்கு இளையவராகவும் நடுவில் விடப்படுகின்றனர். வழித்தடத்தின் ஒரு பகுதியை அவர்களே வகுக்கட்டும் என்று விடுவதும், காணவேண்டிய களங்களைச் சுருக்கி ஒன்றை முழுவதும் நடந்து பார்ப்பதும், வாஷிங்டன் அருங்காட்சியகத்தை இறுதியில் நேரமிருந்தால் பார்க்கலாம் என்று ஒதுக்காமல் முதல்நாளே பார்ப்பதும் கூடுதல் செலவில்லாத திருத்தங்கள். அந்த வரிசையில் செல்லும் பிள்ளை கெட்டிஸ்பர்க் முகட்டை அடையும்போது, லீயின் சிலைக்கு எதிரே ஒரு மைல் தொலைவில் நிற்கும் பிரையனின் வீட்டுக்குப் பதினேழாவது நிறுத்தமாக ஓர் எண் ஏன் இல்லை என்று கேட்பதற்கு வேண்டிய அறிவோடு வந்திருக்கும்.