கழிபொருளும் கலைப்பொருளும்: 'ஆயுத அரியணை' பற்றிய ஒரு நோக்கு

அன்றாடப் பாவனைப் பொருள்களால் அமையும் நவீன சிற்பம் பற்றிய விவாதம் பெரும்பாலும் 'இது கலையா?' என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றது. அதனிலும் அடிப்படையான வினா ஒன்றுண்டு என்பது எமது கருத்து: பொருள் சிற்பமாகும்போது அதன் முன்னைய வாழ்வு என்னவாகின்றது?

1917இல் மார்செல் டுஷாம் 'நீரூற்று' எனப் பெயரிட்டு நியூயோர்க்கில் முன்வைத்த சிறுநீர்க்கலம், கைத்திறனே கலை என்ற கொள்கையைத் தகர்த்தது. ஆயின் மூலப்பொருள் தொலைந்துபோக, 1964இல் அதன் பிரதிகள் தனியே செய்விக்கப்பட்டுக் கலைச்சந்தைக்கு வந்தன. தொழிற்சாலைச் சரக்கு அரும்பொருளாயிற்று. 1942இல் பிக்காசோ துவிச்சக்கரவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்து 'எருதின் தலை'யை ஆக்கினார். கற்பனை வியக்கத்தக்கதே. எனினும் அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டபோது தோலும் உலோகமும் ஒன்றாகிவிட, எருது மட்டுமே எஞ்சிற்று.

இவற்றினின்றும் வேறுபட்டது, மொசாம்பிக் கலைஞர் கெஸ்ட்டர் 2001இல் ஆக்கிய 'ஆயுத அரியணை'. அந்நாட்டின் உள்நாட்டுப் போர் 1977 முதல் 1992 வரை நீடித்தது. 1995இல் திருச்சபையினர் தொடங்கிய திட்டமொன்று, ஆயுதங்களை ஒப்படைத்தோர்க்குக் கலப்பை, துவிச்சக்கரவண்டி, தையல் இயந்திரம் முதலியவற்றை வழங்கியது. அவ்வாறு பெறப்பட்டுச் செயலிழக்கச் செய்யப்பட்ட துப்பாக்கிகளே இவ்வரியணையின் உறுப்புகள்.

முதுகுச்சாய்வின் உச்சியில் இரு துப்பாக்கிக் கட்டைகள் நிற்கின்றன. அவற்றிலுள்ள திருகாணித் துளைகளும் வார் கோக்கும் இடமும் சிரிக்கும் முகங்களாகத் தோன்றுகின்றன. கலைஞர் அவற்றைச் செதுக்கவில்லை, தெரிந்தெடுத்தார். இங்கு உருவம் பொருளை விழுங்கவில்லை. அரியணையாகக் காணும் கணத்திலேயே துப்பாக்கியாகவும் காண்கின்றோம். அதிகாரம் எதன்மீது அமர்ந்திருக்கின்றது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

ஆயினும் ஒரு வரையறையைச் சுட்டாதிருத்தல் நேர்மையாகாது. இத்துப்பாக்கிகள் அந்நாட்டில் உற்பத்தியானவையல்ல. பிறநாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. அவற்றை விற்றோர் யார், வழங்கியோர் யார் என்பதைச் சிற்பம் தானாகச் சொல்லாது. 2002இல் அதனை வாங்கிய பிரித்தானிய நூதனசாலையில், அவ்வரலாற்றை அறியாது காண்போர்க்கு அது வினோதமானதோர் ஆசனமாகவே தோன்றிவிடலாம். பொருளின் பழைய வாழ்வைக் காப்பது கலைஞரின் பணி. அதனை வாசித்துக் காட்டுவது விமரிசனத்தின் பணி. பின்னது தவறின், 'நீரூற்று'க்கு நேர்ந்ததே அரியணைக்கும் நேரும்.