ஸ்குவூஷ்: கணினியை விட்டு வெளியேறாமல் படம் மாற்றும் கருவி

மலேசியாவின் சுங்கை வே தடையற்ற தொழில் வட்டாரத்தில் வேலைக்கு விண்ணப்பிப்போர் தம் அடையாள அட்டையான மைகார்டையும் சான்றிதழ்களையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து இணையப் படிவங்களில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் படங்களை எச்இஐசி என்னும் சிக்கன வடிவத்தில் சேமிப்பதால், 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக்கை மட்டுமே ஏற்கும் படிவங்களில் அவை நுழைவதில்லை. தேடுபொறி முதலில் காட்டும் மாற்றித் தளத்தில் படத்தைப் போட்டுவிடும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

அத்தகைய தளங்கள் பலவும் படத்தைத் தம் வழங்கிக்கு, அதாவது தொலைவில் வேறொருவர் வசமுள்ள கணினிக்கு, அனுப்பி மாற்றித் தருகின்றன. மைகார்டின் 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதியையே சொல்பவை. பக்கத்திலேயே பெயரும் முகவரியும் இருக்கின்றன. இலவச மாற்றித் தளங்கள் வழியே தீநிரல் பரவுவதாகவும் கோப்பிலுள்ள தனிவிவரங்கள் திருடுபோவதாகவும் அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்ததை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கூகுளின் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஸ்குவூஷ் வேறு வழியில் செல்கிறது. சி, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதிய நிரலை உலாவி விரைந்து இயக்கத்தக்க குறியாக்கித் தரும் வெப்அசெம்பிளி என்னும் நுட்பத்தால், மாற்றும் நிரல்களே பயனரின் கணினிக்கு வந்துசேர்கின்றன. படம் எங்கும் போவதில்லை. பக்கம் முழுமையாகத் திறந்து ஒருமுறை வேலை செய்த பின் வைஃபையை அணைத்துவிட்டு அதே வகை மாற்றத்தை மீண்டும் செய்து பார்த்தால், அது தடையின்றி நடப்பதை எவரும் கண்டுகொள்ளலாம். மாற்றத்திற்கு முன்னும் பின்னுமுள்ள கோப்பின் அளவு போன்ற சில விவரங்கள் பயன்பாட்டுக் கணக்கிற்காகத் திரட்டப்படுவதைத் தளமே அறிவிக்கிறது.

திரையின் நடுவே நிற்கும் கோட்டை இடவலமாக நகர்த்தினால் மூலப்படமும் மாற்றிய படமும் ஒரே இடத்தில் மாறிமாறித் தெரிவதே இக்கருவியின் ஆகச் சிறந்த அமைப்பு. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, ஜேபெக்கின் தர அளவை 75 என்னும் தொடக்க நிலையிலிருந்து படிப்படியாகக் குறைத்தால், எண்களின் ஓரங்களில் மங்கலான கறைகள் எழுவதைக் காணலாம்; ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், கூர்மையான எழுத்துகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. ஆகவே படிவம் கோப்பின் அளவிற்கு வரம்பு விதித்திருந்தால், தரத்தைக் குறைப்பதைவிட 4032 புள்ளி அகலமுள்ள படத்தை 1600 அளவிற்குச் சுருக்குவதே நல்லது. படம் எடுத்த நேரத்தையும் இடத்தையும் குறிக்கும் எக்சிஃப் தகவல்கள் மாற்றத்தின்போது நீங்கிவிடுகின்றன. விண்ணப்பத்திற்கு இது பாதுகாப்பு, குடும்பப் படத்தொகுப்பிற்கோ உண்மையான இழப்பு.

பிஎன்ஜி, வெப்பி, ஏவிஐஎஃப் ஆகிய வடிவங்களும் கிடைக்கின்றன. ஏவிஐஎஃப் மிகச் சிறிய கோப்பைத் தந்தாலும், பழைய மடிக்கணினியில் பொறுமையைச் சோதிக்கும் அளவிற்கு மெதுவாக இயங்குகிறது. ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் மாற்ற முடியும் என்பதால், திருமணப் படங்களை நூற்றுக்கணக்கில் மாற்ற வேண்டிய நிழற்பட நிலையத்திற்கு இது உதவாது.

பெருங்குறை எச்இஐசியிலேயே இருக்கிறது. இவ்வடிவத்தைப் படிக்கும் நிரல் ஸ்குவூஷிடம் இல்லாமல் அது உலாவியையே நம்பியிருப்பதால், 2023இல் வந்த சஃபாரி 17 திறக்கும் கோப்பைக் குரோம் திறப்பதில்லை. சஃபாரி இல்லாத விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கு இப்போதைக்கு நடைமுறை வழி, படமெடுக்கும் முன்பே ஐபோனின் கேமரா அமைப்புகளில் வடிவங்கள் என்னும் பகுதிக்குச் சென்று, ஜேபெக்காகச் சேமிக்கும் தெரிவை இயக்கிக்கொள்வதே.